இயற்கையோடு நெருக்கம் இருந்தால் ஊர்மேல் பிடிப்பு வருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சில ஆண்டுகளாக வசிக்கிறார். பால்கனியில் நின்றால் நாரைகள் தெரிகின்றன. ஆனாலும் "நீங்கள் எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், பிறந்த ஊரின் பெயர்தான் வாயில் வருகிறது. இயற்கையோடு நெருக்கமாக இருப்பவர்களுக்குத் தாங்கள் வாழும் இடத்தின்மேல் பிடிப்பும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கிறதாமே, அது உண்மையா? உண்மையென்றால் தனக்கு ஏன் அது வரவில்லை? வளாகத்தில் மியாவாக்கி காடு என்னும் அடர்ந்த குறுங்காடு வளர்க்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களே, அதனால் ஏதாவது நடக்குமா? இவைதாம் அவருடைய சந்தேகங்கள்.

ஐந்திணையைச் சொல்லி, நிலமும் மனமும் ஒன்று என்று முன்னோர் அன்றே கண்டார்கள் என எழுதினால் இந்தப் பதில் பத்து வரியில் முடிந்துவிடும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பெருங்குடிக் குப்பைமேட்டின் புகையை மூச்சிழுத்துக்கொண்டு வாழ்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆய்வுகள் சொல்வது சரிதான். அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் முடிவில்தான் கோளாறு. இயற்கையோடு ஒருவருக்கு இருக்கும் நெருக்கத்தை அளக்க மேயர், ஃபிரான்ட்ஸ் என்ற இருவர் 2004இல் 14 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்தோடும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். இடத்தின்மேல் உள்ள பிடிப்பை அளக்க வில்லியம்ஸ், வாஸ்கி ஆகியோரின் முறை பரவலாகப் பயன்படுகிறது. அதில் இரண்டு கூறுகள் உண்டு. இந்த இடம் நான் யார் என்பதன் ஒரு பகுதியா என்பது ஒன்று. எனக்கு வேண்டியதைச் செய்துகொள்ள இதைவிடத் தோதான இடம் வேறு உண்டா என்பது மற்றொன்று. முதலாவது அடையாளம், இரண்டாவது சார்பு. ஓர் அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர்கள் மற்றதிலும் பெரும்பாலும் அதிகம் வாங்குகிறார்கள். ஆய்வுகள் சொல்வது இவ்வளவுதான். எது எதைக் கொண்டுவந்தது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஊரோடு ஏற்கெனவே ஒட்டிப்போனவர்தான் காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போகிறாரோ என்னவோ.

பால்கனியிலிருந்து நாரை பார்ப்பது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ராஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலிநிவாரணி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அந்த மரங்கள் எந்த ஊர் மரங்களாக இருந்தாலும் அந்த நோயாளிகளுக்கு ஒன்றுதான். பார்வையால் கிடைக்கும் ஆறுதல் எங்கே போனாலும் கிடைக்கும். உங்கள் பால்கனி இப்போது தருவது அந்த ஆறுதலைத்தான். வீட்டை விற்றுவிட்டுச் சிறுசேரியில் ஏரி தெரியும் வேறொரு வீடு வாங்கினால் அங்கேயும் அதே அளவு கிடைத்துவிடும்.

ராபர்ட் ரயன் என்பவர் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் இதையே வேறு கோணத்தில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். அங்குள்ள இயற்கைப் பகுதிகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள், செடிகொடி அறிந்தவர்கள் ஆகியோருக்கு இருந்த பற்று, அந்த வகை நிலத்தின்மேல் இருந்தது. அதே வகை நிலம் வேறெங்காவது கிடைத்தாலும் அவர்கள் மனம் அங்கே பொருந்திவிடும். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கோ குறிப்பாக அந்த இடத்தின்மேல் பற்று. அவர்களுக்கு மாற்று கிடையாது. இயற்கை ஆர்வலர் என்பதும் ஊர்க்காரர் என்பதும் ஒரே ஆளுக்குள் கூடி வரலாம், வராமலும் போகலாம். பள்ளிக்கரணைக்கு லென்ஸோடு வரும் பறவை ஆர்வலர்கள் பலர் நகரின் மறுகோடியில் வசிப்பவர்கள். நீலத் தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் வேற்றுமை சொல்லத் தெரிந்த அவர்களுக்கு, எந்த மழையில் எந்தத் தெரு மூழ்கும் என்று தெரியாது.

அப்படியானால் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில்தான் வருகிறது என்பது என் கட்சி. ஏரிச் சீரமைப்பு வேலைகளில் பல ஆண்டுகள் கிடந்தவன் என்பதால் எனக்கு இந்தச் சார்பு இருக்கிறது என்று நீங்கள் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

வேடந்தாங்கலில் ஏரிக்குள் கடப்ப மரங்கள் நீரில் நிற்கின்றன. பருவத்தில் அவற்றின்மேல் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை கூடு. கீழே தண்ணீர் பச்சையாக, எச்சம் கலந்து கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் சுற்றுலாப் பயணி. ஆயக்கட்டு விவசாயி அந்தத் தண்ணீரை மடை வழியாக வயலுக்கு விட்டு உரச் செலவை மிச்சம் பிடிக்கிறவர். இது இன்று நேற்று ஏற்பட்ட ஏற்பாடு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1790களின் இறுதியில், லயோனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. வனவுயிர்ச் சட்டம் வந்ததோ 1972இல்.

அந்த விவசாயிகள் பறவை நேயர்களாக இருந்ததால் முறையிட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். நேயமும் இருந்திருக்கும். கூடவே நெல்லும் இருந்தது. பறவைக்கு ஊர் காவல், ஊருக்குப் பறவை உரம். இந்த ஒப்பந்தத்தில் கவித்துவம் குறைவு என்று யாருக்காவது தோன்றினால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. 200 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது அதுதான். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் செய்தித்தாள்களில் இது வரும், வனத்துறை இனிப்பு கொடுக்கும் படத்தோடு. படத்தில் தெரியாத ஒன்று உண்டு. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெடித்துக்கொண்டிருக்கும்போது தன் பிள்ளையைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்த தாய்க்கு, "எங்கள் ஊர்" என்று சொல்ல ஒரு காரணம் ஒவ்வோர் ஐப்பசியிலும் புதிதாகக் கிடைக்கிறது. பறவைகளுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்ததால் அந்த ஊர் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொந்தமாகிறது.

இங்கே ஒரு முள்ளும் உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளை நடைமுறையில் நடத்தியவர் நீர்க்கட்டி. தெற்கே நீர்பாய்ச்சி என்பார்கள். பழைய மடை என்றால் கரையை ஒட்டி ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே பலகைக்கல். நடுவே துளையில் ஒரு மரக்கம்பு இறங்கி, அடியில் தண்ணீர் வெளியேறும் தூம்பின் வாயை ஆப்புபோல் அடைத்திருக்கும். ஏரி நிறைந்திருக்கையில் நீந்திப் போய், தேவைப்பட்டால் முங்கி, அந்தக் கம்பைத் தூக்கி வைக்க வேண்டும். எவ்வளவு தூக்கினால் கடைமடை வரை போகும் என்பது அவர் கைக்குத் தெரியும். அடைமழை இரவில் கரையை நடந்து பார்த்து, நண்டு வளையும் எலி வளையும் கசிகிறதா என்று தேடி அடைப்பதும் அவர்தான். அறுவடையில் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பார்கள். இந்த நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். ஏரிக்குக் கீழே ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் அதிகம். ஏரியை அணு அணுவாக அறிந்தவரின் வீடு சேரியில். ஊர்க்குளத்தில் அவர் குடும்பம் தண்ணீர் மொள்ள முடியாது. மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிப்பதற்கு அம்பேத்கர் 1927இல் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த நாட்டில் நீர்நிலையையும் ஊர்ப்பற்றையும் பற்றிப் பேச முடியாது.

நெருக்கம் இருந்தது, அறிவு இருந்தது, உழைப்பும் இருந்தது. "எங்கள் ஏரி" என்று சொல்லும் பாத்தியதை மட்டும் இல்லை. மேலே சொன்ன 14 வாக்கியங்களில் இதை அளக்க ஒரு வாக்கியமும் கிடையாது. ஊராரே உழைத்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தை இன்று புகழ்கிறவர்கள், 1858இல் அதைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. மண்வெட்டி யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிடிப்பு எதிர்ப்பாக மாறுவதை அண்மையில் நன்றாகப் பார்த்தது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில். மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகளுக்கு நடுவே உள்ள ஊர். சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், சுனைகள், கண்மாய்கள், குன்றுகளில் வல்லூறுகள். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. பரப்பு 2,000 ஹெக்டேருக்கும் மேல். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கிப் பேரணியாகக் கிளம்பினார்கள், அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

அந்த வாரங்களில் மக்கள் பேசியதைக் கவனித்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும். அபூர்வப் பறவைகளின் பட்டியலை முன்வைத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள். ஊரார் பேசியது கண்மாய், கோயில், மாடு மேய்ச்சல், சுனைத் தண்ணீர், முப்பாட்டன் என்று எல்லாம் கலந்த ஒரே பேச்சு. இயற்கை வேறு, பண்பாடு வேறு, பிழைப்பு வேறு என்று பிரித்து வைக்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை என்ன செய்தன என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அரசாணையால் வந்த பாரம்பரியப் பட்டம் அவர்களுக்கு ஒரு கருவியாகப் பயன்பட்டது. பிடிப்பு அதற்கு முன்பே இருந்தது.

ஊர்மேல் உள்ள பிடிப்பு எப்போதும் சுற்றுச்சூழலுக்குச் சாதகமாகவே நிற்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரையில் லாண்டட்னோ என்ற அழகிய ஊர் இருக்கிறது. கடலுக்குள் காற்றாலைகள் அமைக்கும் திட்டத்தை ஆராய்ந்த டிவைன்-ரைட்டும் ஹவ்ஸும் 2010இல் வெளியிட்ட முடிவு சுவையானது. அந்த ஊரின்மேல் எவ்வளவுக்கெவ்வளவு பற்று அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு காற்றாலை மேல் வெறுப்பும் அதிகம். பக்கத்திலேயே இருக்கும் கால்வின் பே என்ற ஊரில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டம்தான், ஆனால் "எங்கள் கடலில்" வேண்டாம். ஊர்ப்பற்று காப்பது ஊரின் முகத்தை. பூமியின் நலம் அதில் சேர்ந்து வந்தால் வரவுதான்.

இனி உங்கள் சதுப்பு நிலத்துக்கு வருகிறேன். ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்த நிலம் அது. இன்று, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்றிருப்பது 12 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மீதியில் சாலை, ரயில் பாதை, குப்பைக் கிடங்கு, மென்பொருள் நிறுவனங்கள், உங்கள் குடியிருப்பைப் போன்ற குடியிருப்புகள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பத்திரம் சரியாக இருந்திருக்கும், வங்கி கடன் கொடுத்திருக்கும். ஆனால் உங்கள் பிடிப்பின்மைக்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வளாகத்தில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் லாரியில் எங்கிருந்தோ வருகிறது. கழிவுநீர் எங்கேயோ போகிறது. கண்ணுக்கு எதிரே இவ்வளவு பெரிய நீர்நிலை, அதோடு உங்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர் அளவுக்குக்கூடக் கணக்கு வழக்கு இல்லை. வெள்ளம் வரும்போது மட்டும் அது உங்கள் தரைத்தளத்துக்கு வந்து கணக்கைத் திறக்கிறது. 2015இலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அந்தப் பக்கத்து மக்கள் தங்கள் ஊரின் நில அமைப்பை ஒரே இரவில் கற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்கு அண்டை வீட்டார் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். பெரும்பாக்கம் அடுக்கு வீடுகளில் இருப்பவர்களில் பல ஆயிரம் குடும்பங்கள் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் போன்ற ஆற்றங்கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஆற்றை மீட்கிறோம் என்ற பெயரில் ஆற்றங்கரை வாழ்க்கையை இழந்தவர்கள். நகரத்தின் நடுவே வேலை, பள்ளி, உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இன்னொரு நீர்நிலையின் தாழ்வான பகுதியில் குடியேற்றப்பட்டிருக்கிறார்கள். உங்களுக்காவது வேறு வீடு பார்த்துக்கொண்டு போகும் வசதி உண்டு. சதுப்பு நிலத்தின்மேல் பிடிப்பு வளர்ப்பது பற்றிய எந்தக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஊர் சொந்தமாகாது என்று நான் சொல்லவே மாட்டேன். உங்களுக்கு மேட்டில் இருக்கும் சிட்லபாக்கத்தையே பாருங்கள். சம்பளத்துக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பல மாவட்டங்களிலிருந்து வந்து மனை வாங்கியவர்கள் நிறைந்த புறநகர். 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, அவர்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். அவர்கள் தூக்கிய மண்ணால் ஏரி ஆழமாகிவிடவில்லை; கணக்குப் பார்த்தால் அது சொற்பம். ஆனால் பிறகு அரசு நிதி ஒதுக்கியது, வேலை நடந்தது. ஆக்கிரமிப்பு பற்றியும் கழிவுநீர் பற்றியும் கேள்வி கேட்கும் பழக்கம் அந்தப் பகுதியில் நிலைத்துவிட்டது. ஏரிக்குள் இறங்கிய பிறகு அவர்களுக்கு அது "வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி" இல்லை.

மியாவாக்கி காடு பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை அது. நெருக்கமாக நாட்டு மரங்களை நட்டுச் சீக்கிரம் வளரவைப்பது. நிழலும் கிடைக்கும், வண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் வரும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, பெயர்ப்பலகை வைத்து, வேலி போட்டுவிட்டால் அது இன்னொரு பால்கனிக் காட்சி. தவிர, உங்கள் நிலம் சதுப்பு. அதன் இயல்பு கோரையும் சம்பும் திறந்த நீரும்தான். அடர்ந்த காடு அங்கே வெளியூர்க்காரன். சங்கத்தில் இருக்கும் பணத்தை முதலில் மழைநீர் வடிகாலில் போடச் சொல்லுங்கள். உங்கள் வளாகத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகிறதா, வெளியேறும் நீர் சதுப்பு நிலத்துக்குள் எப்படிப் போகிறது என்று இரண்டு பேர் மாதாமாதம் பார்த்துச் சங்கத்தில் சொல்லட்டும். காடு வளர்ப்பதைவிட இது கசப்பான வேலை. சண்டை வரும். அந்தச் சண்டையில் கலந்துகொள்கிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள்.

இன்னொன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் ஏரியிலிருந்து கிளம்பி நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தண்ணீர் வரும் வழியே வாருங்கள். ஏரி நிரம்பினால் வழியும் கலங்கல் எங்கே, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே, அதன்மேல் யார் வீடு, எங்கே கால்வாய் மூன்று அடியாகச் சுருங்குகிறது என்பதெல்லாம் தெரியும். அது பள்ளிக்கரணையில் விழுந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. முழுவதையும் ஒரே நாளில் நடக்க முடியாது. பஸ்ஸில் ஏறி இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அடுத்த ஐப்பசியில் மழை வலுத்தால், செய்திச் சேனலைப் பார்க்காமலே எந்த ஏரி நிரம்பினால் உங்களுக்கு ஆபத்து என்று சொல்லிவிடுவார்கள்.

நாரைகளையும் விட்டுவிட வேண்டாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தெரிந்தவர்களோடு சேர்ந்து புதியவர்களும் எண்ணலாம். முதல் ஆண்டு உள்ளான்களில் குழம்பிப்போவீர்கள். எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் நாரை, கூழைக்கடா, பூநாரை என்று பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாக்கம் அடுக்கு வீடுகளிலிருந்து நாலு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. சதுப்பு நிலம் அவர்கள் வாசலிலும்தான் இருக்கிறது. காலை 6 மணிக்கே போய்விடுங்கள். 9 மணிக்கு மேல் ஒதுங்க நிழல் கிடையாது, காற்று திரும்பினால் குப்பைமேட்டு வாடையும் சேர்ந்துகொள்ளும்.